சும்மாச்சி விதி

ஜனவரி 9

சுண்டெலிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சௌக்கியம். என் வலது தோள்பட்டை மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. உன் வயிறு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் மேஜை மேலேயே பிஸ்கட்தானா?

பென் டிரைவ் இந்த உறையில் இருக்கிறது, அட்டை வைத்து ஒட்டியிருக்கிறேன். தபால்காரர் போன தடவை உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மாசா மாசம் சாவியைத் தொலைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

எங்கள் அணைக்கட்டு கண்ட்ரோல் ரூமுக்குப் புதிதாக ஒரு அம்மாள் மாற்றலாகி வந்திருக்கிறார். மணிக்கொரு தடவை நீர்மட்டம் எழுதுகிற வேலைக்கு நடுவில் பேச ஆள் கிடைத்தது என்று நம் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். இங்கே டவரும் கிடையாது நெட்டும் கிடையாது, அதனால் 'கோட்டையும் கொடியும்' ஆட்டத்தைக் கோப்பாகப் பென் டிரைவில் போட்டுத் தபாலில் ஆடுகிறோம். ஒரு கடிதம் போய் வந்தால் ஆட்டத்தில் ஒரு வருஷம் என்றேன். முதலில் என் நாடு, அடுத்தது தங்கச்சி நாடு, கடைசியில் அம்மா நாடு. அம்மா போய் நாலு வருஷம் ஆகப்போகிறது. அவள் நாட்டில் யாரும் கைவைப்பதில்லை. அவள் முறை வந்தால் 'முடிந்தது' பொத்தானை மட்டும் ஒரு தடவை நான், ஒரு தடவை தங்கச்சி அமுக்குவோம் என்றேன். அந்த அம்மாள் நீர்மட்டப் பதிவேட்டை மூடி வைத்தார். அப்புறம், "நகல் எடுத்து வெச்சிருக்கீங்கதானே?" என்றார்.

நகலா! பத்து வயதில் நீ தோற்கும்போதெல்லாம் பழைய கோப்பைத் திறந்து மறுபடி ஆடியதும், அம்மா உன் காதைத் திருகி, "தோத்தா தோத்ததுதான்டி. இனி இந்த வீட்ல ஒரே கோப்பு" என்று சட்டம் போட்டதும் அவருக்கு எப்படித் தெரியும்?

உன் கம்பெனிக்காரர்களிடம் சொல். போன வருஷம் ஆட்டத்துக்கென்று விற்ற அந்தக் கப்பல் பாகம் குப்பை. கடலே இல்லாத என் நாட்டில் துறைமுக அமைச்சர் வந்து உட்கார்ந்துகொண்டு சம்பளம் கேட்கிறார். முன்பெல்லாம் களஞ்சியத்தில் எவ்வளவு தானியம் என்று ஒரே பார்வையில் தெரியும், இப்போது நாலு கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. கூடுதல் பாகம் என்று பெயர், குறைப்பதே வேலை.

யோசித்துக்கொண்டே இருக்காமல் சீக்கிரம் ஆடி அனுப்பு. அம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? "சும்மாச்சி மாதிரி குந்தியிருக்காதடி, ஆடு!" அந்த வார்த்தையை எங்கேதான் பிடித்தாளோ, நம் மூன்று பேர் வாயைத் தவிர வேறெங்கும் நான் கேட்டதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வயிறும் நலம். அத்தானைக் கேட்டதாகச் சொல். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

ஒரு செய்தி. ஆறு வருஷமாக ஆட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்கிற பரிசோதகராக இருந்தேன் இல்லையா, இப்போது என்னை விதிக்குழுவுக்கு மாற்றியிருக்கிறார்கள். இனிமேல் விதிகளை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த கூடுதல் பாகத்துக்கு வேலை நடக்கிறது. அதைப் பற்றி வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பதால் உன்னிடமும் சொல்ல முடியாது, கோபித்துக்கொள்ளாதே.

என் முறை ஆடிவிட்டேன். மேற்குக் கணவாயில் காவல் கோபுரம் கட்டினேன், அவ்வளவுதான். இந்தத் தடவை அம்மா பொத்தான் என் பங்கு. அமுக்கிவிட்டேன்.

உன் சுண்டெலி


பிப்ரவரி 14

என் விதிக்குழுத் தங்கத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம், தோள் உட்பட. உன் கடிதத்தை அத்தானிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "இனிமே திட்டுறதா இருந்தா உன் தங்கச்சியைத்தான் திட்டணும், பாத்துக்க" என்கிறார். என்ன சந்தோஷம் அவருக்கு!

உன் கையில் அதிகாரம் வந்திருக்கிறது, கேட்டுக்கொள். குதிரைப்படைக்கு ஆறு வருஷப் பயிற்சி இருந்ததே, அதைத் திருப்பிக் கொண்டு வா. பழைய வரைபடத்தின் நிறங்களைக் கொண்டு வா. போன சனிக்கிழமை டவுனுக்குப் போனபோது நெட் கடையில் ரசிகர்கள் எழுதுவதையெல்லாம் படித்தேன். இருபது வருஷமாக ஆடுகிறவர்கள் அழாத குறையாக எழுதியிருக்கிறார்கள். எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா? நீ காக்கை இல்லை, எங்களில் ஒருத்தி. அது போதும் எனக்கு.

அம்மா நாட்டைச் சும்மா ஒரு சுற்று பார்த்தேன். பதினாறு களஞ்சியமும் விளிம்பு வரை நிறைந்திருக்கிறது. "சண்டை போடத்தான் நீங்க ரெண்டு பேர் இருக்கீங்களே, சோறு போட ஒருத்தி வேணாமா?" என்று சொல்லிச் சொல்லிக் கட்டினாளே. என் நாட்டில் பஞ்சம் வந்தபோது கேட்காமலே வண்டி வண்டியாக அனுப்பினாள். நீ தோற்கிற நிலைமையில் இருந்தபோதும் அனுப்பினாள், அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

மார்ச் பதினொன்றோடு நாலு வருஷம். இந்த வருஷமாவது வருவாயா? இரண்டு நாள் போதும். போன வருஷம் வேலை, அதற்கு முன் வருஷமும் வேலை. விடு, வந்தால் சந்தோஷம்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். பதினொன்றாம் தேதி வரமுடியவில்லை. வெளியீட்டு வேலை, எல்லோரையும் அலுவலகத்திலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள்.

புதிய பாகம் வெளிவந்துவிட்டது. 'அரசவைப் பாகம்' என்று பெயர். உனக்கு நெட் இல்லை என்பதால் பென் டிரைவிலேயே போட்டிருக்கிறேன், கணினியில் ஏற்றிக்கொள். என் கணினியில் ஏற்கனவே ஏற்றிவிட்டதால் நம் கோப்பு இனிப் பழையதில் திறக்காது. புதியதில் நன்றாகத் திறக்கிறது, பயப்படாதே. முதல் தடவையாகத் தமிழிலும் ஆடலாம், அமைப்பில் போய் மாற்றிக்கொண்டால் போதும்.

என் முறை ஆடியாயிற்று. அம்மா முறை இந்தத் தடவை உன் பங்கு.

அக்கா, அம்மா நிலத்தில் ஏதாவது நட வேண்டும் என்று தோன்றினால் நட்டுக்கொள். ஒரே ஒரு மரம் போதும். சும்மா சொன்னேன்.

உன் சுண்டெலி


ஏப்ரல் 4

சுண்டெலிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டும், ஆனால் முதலில் திட்டித் தீர்த்துவிடுகிறேன்.

இது என்ன பாகம்? ஆட்டத்தைத் திறந்தால் பதினேழு அமைச்சர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவருக்குக் கோபம், ஒருவருக்கு மனவருத்தம், இன்னொருவருக்கு ராணியின் கொண்டை பிடிக்கவில்லை. போருக்குப் போகிற அவசரத்தில் இவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அத்தான் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது போதாதா? வரைபடத்தை பொரித்த அப்பள நிறத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாலம் கட்ட வேண்டுமென்றால் பாலத்துக்குத் தனிப் பாகமாம், ஆவணியில் வருமாம்! குதிரைப்படையைக் கேட்டேன், கொண்டை கொடுத்தீர்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். தமிழில் வேறு போட்டிருக்கிறார்களாம். எனக்குப் பழகின இங்கிலீஷே போதும், அதிலேயே தலை சுற்றுகிறது.

இன்னொன்று. அம்மா நிலத்தில் மரம் நடச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? அங்கே இருப்பதெல்லாம் அவள் கையால் வைத்தது. அதில் நானும் கைவைக்க மாட்டேன், நீயும் கைவைக்காதே. பொத்தானை மட்டும் அமுக்கினேன். உடனே ஏதோ ஒரு அறிவிப்பு வந்தது, பதினெட்டாவது அமைச்சர் என்று நினைத்துப் படிக்காமலே மூடிவிட்டேன்.

என் முறையும் ஆடியாயிற்று. சீக்கிரம் அனுப்பு.

அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே மழை எப்படி? அணை நிரம்பிவிட்டதா? அத்தானுக்குக் கண் பரிசோதனை என்றாயே, போனீர்களா? எனக்கு இருமல் இருந்தது, இப்போது பரவாயில்லை. வீட்டு மாடிக் குழாயில் தண்ணீர் சரியாக வருவதில்லை, ஆளை வரச் சொல்லியிருக்கிறேன்.

என் முறை ஆடிவிட்டேன். பென் டிரைவ் உள்ளே இருக்கிறது.

சுண்டெலி


ஜூன் 11

சுண்டெலி,

எட்டு வாரம் கழித்து ஒரு கடிதம். அதில் மழையும் குழாயும். நீ ஆட்டத்தைப் பார்த்தாயா இல்லையா?

அம்மா என்மேல் படையெடுத்து வந்திருக்கிறாள்.

நான் எழுதுவது புரிகிறதா? அம்மாவின் மஞ்சள் கொடி இல்லை, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று பறக்கிறது. கணினி அந்த நாட்டை எடுத்துக்கொண்டுவிட்டதாம். பதினாறு களஞ்சியத்தில் சேர்த்து வைத்தாளே, அந்தத் தானியத்தைத் தின்றுவிட்டு அறுபதாயிரம் பேர் வருகிறார்கள். பஞ்சத்தில் அவள் எனக்குச் சோறு அனுப்பிய அதே சாலை வழியாக வருகிறார்கள். எல்லையில் இருந்த மூன்று ஊர்கள் போயாயிற்று. தூதுவன் கையில் ஒரு ஓலை: "உன் நிலம் எனக்கு வேண்டும். பணி, அல்லது அழி." மேலே அம்மா பெயர். நாம்தானே அந்த ராணிக்கு அம்மா பெயரை வைத்தோம்.

நான் கணினியை அணைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். அத்தான் என்ன என்று கேட்டார். "எங்கம்மா என்னை அடிக்க வரா" என்றேன். சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பத்து முறை ஒன்றும் செய்யாமல் இருந்தால் நாட்டைக் கணினி பிடுங்கிக்கொள்ளும் என்று புதிதாக ஒரு விதி வந்திருப்பதாக நெட் கடையில் படித்தேன். காரித் துப்புகிறார்கள். எந்த மடையன் மூளையில் உதித்தது இது? சும்மா இருந்த அந்த நாடு யாரை என்ன செய்தது? நீ அந்தக் குழுவில்தானே இருக்கிறாய். யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் ஒரு கடிதம் எழுதுவேன், ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான்.

பென் டிரைவை அனுப்பவில்லை. நான் இன்னும் என் முறையை ஆடவில்லை.

அக்கா


ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

விதி என்பது ஒருவர் எழுதுவது இல்லை அக்கா. குழுவில் பதினோரு பேர். பலரும் பேசுவார்கள், வெட்டுவார்கள், ஒட்டுவார்கள். இன்னார் என்று கைகாட்ட முடியாது. ஆளில்லாத நாடுகள் ஆட்டத்தைத் தூங்கவைக்கின்றன என்று புகார்களும் வந்திருந்தன. அடுத்த திருத்தத்தில் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

நீ மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. தோள் எப்படி இருக்கிறது?

சுண்டெலி


ஜூலை 8

தங்கச்சிக்கு,

நலம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த விதியை முழுதாகப் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இங்கிலீஷில் பாதி புரியவில்லை. தமிழுக்கு மாற்றினேன். அமைப்பு, விதிகள், எண் நாற்பத்தொன்று.

"சும்மாச்சி விதி: பத்து முறை தொடர்ந்து செயலற்றிருக்கும் அரசு ஆளற்றதாகக் கருதப்படும்."

சும்மாச்சி.

உலகத்தில் மூன்று பேருக்குத்தான் அந்த வார்த்தை தெரியும். ஒருத்தி இல்லை. நான் எழுதவில்லை.

அக்கா


ஜூலை 22

அக்கா,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

ஆமாம், நான்தான். குழு, பதினோரு பேர் என்றதெல்லாம் மழுப்பல். விதிக்குழுவில் முதல் நாள் எல்லோரையும் ஆளுக்கொரு யோசனை சொல்லச் சொன்னார்கள். என் வாயில் வந்தது இதுதான். எல்லோரும் கைதட்டினார்கள். தமிழுக்குத் தற்காலிகமாக ஒரு பெயர் வை என்றார்கள், வைத்தேன். யாருக்கும் அர்த்தம் தெரியாததால் யாரும் மாற்றவில்லை, அப்படியே அச்சாகிவிட்டது.

ஏன் என்று கேட்பாய். அந்தப் பொத்தானை என்னால் அமுக்க முடியவில்லை அக்கா. உனக்கு அது அம்மாவை வைத்துக்கொண்டிருப்பது மாதிரி. எனக்கு அப்படி இல்லை. அவள் டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் உன் போனை வாங்கி, "எப்ப வர?" என்று கேட்டாள். முதல் கூடுதல் பாகம் வெளியாகிற நேரம். "அடுத்த வாரம் வரேம்மா" என்றேன். மூன்று தடவை சொன்னேன். 'முடிந்தது' என்று ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் நாலாவது தடவை சொல்கிற மாதிரி இருந்தது. ஒருநாளும் நீ இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. "விடு, வேலை" என்று நீ எழுதும்போதெல்லாம் எனக்கு எரியும்.

நிறுத்திவிடலாம் என்று உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆட்டமே நிறுத்திவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். கடைசி நேரத்தில் பயம் வந்தது. அதனால்தான் ஒரு மரம் நடச் சொன்னேன். ஒரு மரம் நட்டிருந்தால் விதி பாய்ந்திருக்காது. அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அம்மா நாடு படையெடுக்கும் என்று சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. நாடு சாம்பல் நிறமாகி அமைதியாகக் கிடக்கும் என்று நினைத்தேன். களஞ்சியம் நிறைந்த நாட்டைக் கணினி சும்மா விடாது என்று பரிசோதகரான எனக்கே தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் புதிய பாகத்தில் திறப்பதற்கு முன்னால் நம் கோப்பை நகல் எடுத்தேன். வீட்டுச் சட்டத்தை மீறிவிட்டேன். அது பத்திரமாக இருக்கிறது, பழைய பாகத்தோடு சேர்த்து அனுப்புகிறேன். மஞ்சள் கொடி, களஞ்சியம், எல்லாம் அப்படியே இருக்கும். இதெல்லாம் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வார்த்தை எழுது, உடனே அனுப்புகிறேன்.

சுண்டெலி


செப்டம்பர் 2

தங்கச்சிக்கு,

இங்கே நாங்கள் நலம். அணை நிரம்பி மூன்று மதகு திறந்தோம். தோள் வலி போய்விட்டது. பதில் எழுத ஆறு வாரம் ஆயிற்று, தபால் மேல் பழி போட விரும்பவில்லை.

நகலை அனுப்பாதே. அழித்துவிடு என்றும் சொல்லவில்லை, அது உன் பாடு. தோத்தா தோத்ததுதான் என்று அம்மா சொன்னது உனக்காகத்தான். பத்து வயதில் தோற்றதும் பழையதைத் திறந்துகொண்டாய். இப்போதும் அதையே செய்யப் பார்க்கிறாய். அந்தப் பத்தொன்பது நாளுக்கு எங்கேயாவது நகல் எடுத்து வைத்திருக்கிறாயா? இருந்தால் அதை அனுப்பு, வாங்கிக்கொள்கிறேன்.

நான் கேட்காமல் இருந்தது உண்மை. கேட்டால் நீயும் போய்விடுவாய் என்ற பயம். உன்னிடம் பேசிவிட்டுப் போனை என்னிடம் கொடுக்கும்போது அம்மா ஒவ்வொரு தடவையும், "பாவம்டி, அவளுக்கு வேலை" என்பாள். அதைத்தான் உனக்குத் திருப்பித் திருப்பி எழுதிக்கொண்டிருந்தேன். எரிந்தது என்கிறாய். எரியட்டும். எனக்கும் எரிந்தது, நான் அதற்கு விதி எழுதவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வெட்கம். இத்தனை மாதமும் உன் கம்பெனியைத் திட்டினேன். கொண்டையையும் கப்பலையும் அமைச்சர்களையும் திட்டினேன். அவர்கள் யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆட்டத்தைக் கெடுத்தார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியும்.

சரி, ஆட்டம். நேற்று மத்தியானம் என் முறையை ஆடினேன். என்னிடம் நாற்பதாயிரம் வீரர்கள் இருந்தார்கள், ஆற்றங்கரையில் நிறுத்தினால் ஒருவேளை ஜெயித்திருப்பேன். அத்தான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அடிக்கலையா?" என்றார். "எங்கம்மாவையா?" என்றேன். கோட்டைக் கதவுகளைத் திறந்துவிட்டேன். பணிகிறாயா என்று கேட்டது. ஆம் என்று அமுக்கினேன். என் கொடி இறங்கிற்று. இருபது வருஷ ஆட்டத்தில் முதல் தடவையாக அம்மாவிடம் தோற்றிருக்கிறேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

நான் ஆட்டத்தைவிட்டு விலகியாயிற்று. இனி எனக்கு முறை கிடையாது, கடிதமும் தேவைப்படாது. பென் டிரைவ் உள்ளே இருக்கிறது. திறந்து பார், இப்போது வரைபடத்தில் இரண்டே நாடுகள்தான், நீயும் அம்மாவும். என் தலைநகரைத் தாண்டியதும் அவள் படையின் அம்புக்குறி மேற்கே திரும்பியிருக்கிறது, உன் கணவாயை நோக்கி. நான் எண்ணிப் பார்த்தேன், நாலு முறையில் உன் வாசலுக்கு வந்துவிடுவாள்.

இந்தத் தடவை நீ வரவேண்டாம், வேலையைப் பார். அவளே உன்னைப் பார்க்க வருகிறாள்.

அக்கா